உங்களுக்குத் தெரியுமா? அலுமினியத்தைவிட லேசு, எஃகைவிடக் கடினம்

கடினத்தன்மையில் வைரத்துக்கும் கனசதுரப் போரான் நைட்ரைடுக்கும் அடுத்த வரிசையில் நிற்பது போரான் கார்பைடு என்னும் பீங்கான். வியப்பு அதன் எடையில் இருக்கிறது: அது அலுமினியத்தைவிட லேசானது! கன சென்டிமீட்டருக்கு 2.52 கிராம், அலுமினியம் 2.7, எஃகு ஏறக்குறைய 7.8.

● காரணம் கட்டமைப்பு. போரானும் கார்பனும் லேசான தனிமங்கள். 12 அணுக்கள் கூடி 20 முகங்கள் கொண்ட கூண்டாகின்றன; கூண்டுகளை மூன்றணுச் சங்கிலிகள் வலுவான சகப்பிணைப்பால் கோக்கின்றன. விக்கர்ஸ் கடினத்தன்மை சுமார் 30 கிகாபாஸ்கல். குண்டு துளைக்காத உடைகளின் தகடுகளுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

● ஆனால் அதிவேகக் குண்டுக்கு முன் இந்தக் கவசம் திடீரென வலுவிழக்கிறது. அதிர்ச்சி அழுத்தம் சுமார் 20 கிகாபாஸ்கலைத் தாண்டும்போது, படிகத்துக்குள் 2–3 நானோமீட்டர் அகலப் பட்டைகளில் அணுக்களின் ஒழுங்கு குலைந்து கண்ணாடி போலாகிவிடுகிறது. உடைந்த துண்டுகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் 2003இல் இதை வெளியிட்டனர். விரிசல் அந்தப் பட்டைகளின் வழியே ஓடும். சிறிதளவு சிலிக்கான் கலந்தால் இந்தச் சிதைவு குறைகிறது.

● கடினம் வேறு, முறிவுத் தாங்குதிறன் வேறு. பின்னதில் இப்பீங்கான் பெரும்பாலான உலோகங்களுக்கு ஈடில்லை. ஆகவே கவசத் தகட்டின் பின்னால் வலுவான இழைத் தாங்கல் ஒட்டப்படுகிறது. சில்லுகளைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை.

● இயற்கைப் போரானில் ஏறத்தாழ 20 விழுக்காடு போரான்-10. அது நியூட்ரான்களை விழுங்கும். அணு உலைகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகளிலும் போரான் கார்பைடு உண்டு.