படையில் பயிற்சி அதிகாரியாக விரும்புவோருக்கு

பால்மரம் வெட்டும் தொழிலில் சில ஆண்டுகள் உழைத்தபின் வேறு வேலைக்கு மாற எண்ணும் இளைஞர்கள் நம் தோட்டங்களில் உள்ளனர். அவர்களுள் சிலருக்கு ஆயுதப் படையின்மீது நாட்டம் உண்டு. அதிலும், புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையில் நிறுத்திக் கட்டளையிட்டுப் பழக்கும் பயிற்சி அதிகாரியாக வேண்டும் என்பது அவர்களது விருப்பம். விருப்பம் நல்லதே. ஆயினும் அந்தப் பணிக்கென்று வெளியிலிருந்து நேரே மனுச் செய்து சேர வழியில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். படைப்பயிற்சி அளிப்பவர் முதலில் தாமே படையில் சேர்ந்து பயிற்சி பெற்றவர், பின்னர்ப் பல ஆண்டுகள் பணியாற்றியவர், அதன்பின் தெரிந்தெடுக்கப்பட்டவர்.

பயிற்சி அதிகாரி என்று மக்கள் பொதுவாகச் சொல்வதில் இரு வகையினர் அடங்குவர். புதியவர்களோடு விடியற்காலை முதல் இரவு வரை திடலில் நிற்பவர் பெரும்பாலும் கோப்பரலாகவோ சார்ஜனாகவோ இருப்பார். மலாய் மொழியில் இவரை ஜூருலாத்தே என்பர். பாடங்களை வகுத்து, சுடுதளப் பாதுகாப்புக்கும் பயிற்சியாளர்களின் நலனுக்கும் பொறுப்பேற்பவர் லெப்டினன், கேப்டன், மேஜர் போன்ற பதவியிலுள்ள அதிகாரி. இவ்விரண்டுக்கும் நுழைவாயில்கள் வெவ்வேறு. எந்த வாயிலில் நுழைவது என்பதைப் பெரிதும் முடிவு செய்வன கல்வியும் வயதுமே.

முதல் வாயில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்வது. தரைப்படையில் சேரும் இளைஞருக்கு அடிப்படைப் பயிற்சி தரும் புசாஸ்டா நிலையம் நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சனில் உள்ளது. போர்ட்டிக்சன் நம் நாட்டு இராணுவத்தின் பிறந்த வீடு போன்றது. 1933ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளன்று மலாய்ப் படையின் முதல் 25 வீரர்கள் அங்கேதான் பயிற்சியைத் தொடங்கினர். கடற்படையில் சேருவோருக்கு ஜொகூரில் தஞ்சோங் பெங்கெலேயிலுள்ள சுல்தான் இஸ்மாயில் பயிற்சித் தளம் உண்டு. காலாட்படைகளுள் மலாய்ப் படை மலாய்க்காரர்களை மட்டுமே கொண்டது. ரேஞ்சர் படையிலோ எல்லா இனத்தவரும் சேரலாம். பொறியியல், சமிக்ஞை, மருத்துவம், தளவாடம் முதலிய பிரிவுகளிலும் அவ்வாறே. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அந்தப் பிரிவின் தொழிலைக் கற்பிக்கும் பயிற்றுநர்கள் அங்குத் தேவை என்பதை மறந்துவிடலாகாது.

பிரைவேட், லான்ஸ் கோப்பரல், கோப்பரல், சார்ஜன் என்று படிப்படியாக உயரும்போது, ஒருவரது நடத்தை, உடல் வலிமை, தொழில் திறன் ஆகியவற்றை மேலதிகாரிகள் கவனித்து வருகின்றனர். பயிற்றுநராகும் தகுதி உடையவரெனக் கருதப்பட்டால் அதற்குரிய வகுப்புகளுக்கு அனுப்புகின்றனர். ஆக, இன்று சேர்ந்து நாளை கட்டளையிடலாம் என்று எண்ணிச் செல்பவர் ஏமாற்றமடைவார்.

இரண்டாவது வாயில் அதிகாரிப் பயிற்சி மாணவராகச் சேர்வது. இதற்குப் பள்ளிக் கல்வியில் நல்ல தேர்ச்சி வேண்டும். போர்ட்டிக்சனிலுள்ள தரைப்படைக் கழகமும், கோலாலம்பூர் சுங்கை பீசியில் 2006ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமும் அதிகாரிகளை உருவாக்குகின்றன. இவ்வழியில் நம்மவர் எவ்வளவு உயரம் சென்றுள்ளனர் என்பதற்கு டான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம் அவர்கள் சான்று. இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்ற அவர், 1967ஆம் ஆண்டு அரச மலேசியக் கடற்படையின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் மலேசியர் அவரே. அப்போது அவருக்கு வயது 31. சிப்பாயாகச் சேர்ந்தவரும் தகுதி பெற்றால் பின்னாளில் அதிகாரியாகலாம் என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும்.

இனி, அந்தப் பணியில் என்னதான் செய்கின்றனர் என்பதைக் காண்போம். சினிமாப் படங்களைப் பார்த்துவிட்டு, உரக்கக் கத்துவதே பயிற்றுநரின் வேலை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். குரல் வேண்டும்தான், ஆனால் கத்துவதால் யாருக்கும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்துவிடாது. பிரிட்டிஷ் இராணுவத்திலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய போதனை முறை ஒன்று உண்டு: முதலில் விளக்கிச் சொல்வது, அடுத்துத் தாமே செய்து காட்டுவது, பின்னர்ப் பயிற்சியாளர் தம்மைப் பார்த்துச் செய்யுமாறு செய்வது, முடிவில் கை தானாகச் செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழக்குவது. இதில் எந்தப் படியைத் தாண்டினாலும் பழுது ஏற்படும்.

தோட்டத்தில் புதியவருக்கு மரம் வெட்டக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. கத்தியைப் பிடிக்கும் விதத்தை வாயால் சொன்னால் மட்டும் போதாது. சாய்வு எவ்வளவு, பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது என்பதை மரத்தருகே நின்று காட்ட வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் அன்றைய பாலுக்குக் குறைவு வராது. ஆனால் புதுப்பட்டை வளரும்போது முண்டும் முடிச்சுமாகி, சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தில் மீண்டும் வெட்ட முற்படுபவர் துன்பப்படுவார். துப்பாக்கிப் பயிற்சியும் இத்தகையதே. முதல் வாரத்தில் கவனியாமல் விட்ட தவறான பழக்கம், பின்னொரு நாள் இருளிலும் பதற்றத்திலும் வெளிப்படும். அப்போது கெடுவது பட்டையன்று, பக்கத்தில் நிற்பவரின் உயிர்.

நமது தட்பவெப்ப நிலையில் பயிற்றுநர் அஞ்ச வேண்டிய மற்றொன்று வெயில். சுமையுடன் ஓடும் இளைஞரின் உடல் வெப்பம் அளவு மீறினால் மயக்கமும் மனக்குழப்பமும் உண்டாகி மரணமும் நேரலாம். சோம்பல்பட்டுப் பின்தங்குபவர் யார், உண்மையிலேயே உடல் தளர்ந்தவர் யார் என்பதை முகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். தள்ளாடுபவரை உடனே நிழலில் கிடத்தி, நீர் ஊற்றி உடலைக் குளிர்வித்து, மருத்துவரிடம் அனுப்பத் தயங்கக் கூடாது. கண்டிப்பு என்ற பெயரில் இதைக் கவனியாதவர் பயிற்றுநராக இருக்கத் தகுதியற்றவர் என்பதே நமது கருத்து.

காட்டுப் பயிற்சி மற்றொரு தனிக் கலை. அவசரகாலத்தின் (1948-1960) போது பிரிட்டிஷார் ஜொகூர், கோத்தா திங்கியில் காட்டுப்போர்ப் பள்ளி நடத்தினர். இன்று நம் தரைப்படையின் பூலாடா என்னும் போர்ப் பயிற்சி நிலையம் உலு திராமில் இயங்கி வருகிறது. தோட்டத்து ஓரங்களில் காட்டைப் பார்த்து வளர்ந்தவருக்கு அட்டையும் முள்ளும் இருட்டும் அச்சம் தரா. விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நிற்பதும் புதிதன்று. பிரட்டு என்ற சொல்லே பரேட் என்னும் ஆங்கிலச் சொல் நம் வாயில் மருவியதுதானே.

மொழியைப் பொறுத்தவரை சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும். படையில் கட்டளைகள் யாவும் தேசிய மொழியில். செடியா என்றால் நேராக நிற்பது. செனாங் டிரி என்றால் இளைப்பாறி நிற்பது. இவற்றைக் கேட்டு நடக்கச் சில நாள் போதும். ஒரு பாடத்தை நாற்பது பேருக்கு மலாயில் விளக்கி, அவர்களது கேள்விக்கு விடை கூறுவதற்கோ நல்ல மொழித் தேர்ச்சி தேவை. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்ப் பாடத்தை அலட்சியமாக விட்டவர் இங்குத்தான் தடுமாறுவார்.

வயது கடந்தவர்கள் மனமுடைய வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வத்தானியா தொண்டர் படையில், செய்யும் வேலையை விடாமலே பயிற்சி பெறலாம். அதிலும் பதவி உயர்வு உண்டு; பிறரைப் பழக்கும் வாய்ப்பும் உண்டு. ஆயினும் அதைக் குடும்பத்திற்கு முழுநேரப் பிழைப்பாகக் கொள்ள இயலாது.

வேலையை விடுமுன் வீட்டைப் பற்றி எண்ணுங்கள். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் பெற்றோரும் மனைவி மக்களும் எங்கே தங்குவர் என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும். அதே வீட்டில் மற்றொருவர் தோட்டத்தில் வேலை செய்தால் நிலைமை வேறாகலாம். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர் ஒரே விதமாக எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். எழுத்துப் பிழையிருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் படையில் சேர்த்துவிடுவதாகச் சொல்பவர் எவராயினும் நம்பாதீர்கள்.

நேர்முகத் தேர்வும் மருத்துவச் சோதனையும் முடிந்து, சேரும் நாள் குறித்த கடிதம் கைக்கு வரும்வரை வேலையைத் தொடர்ந்து செய்யுங்கள். வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதப்படாவிடில், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் செய்தவர் 6 வாரமும், அதற்கு மேற்பட்டவர் 8 வாரமும் முன்னதாக நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நலம்.