கடலில் கிடைத்த தரை விலங்கு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள ரிச்மண்ட் ஊரிலிருந்து டவுன்ஸ்வில் கடற்கரைக்குச் சாலைவழி ஏறத்தாழ 500 கி.மீ. ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஊரைச் சுற்றியுள்ள இந்தப் புல்வெளி கடலுக்கடியில் இருந்தது. எரோமாங்கா என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கடலுக்கு ஆழம் குறைவு.

அதன் பெரிய வேட்டை விலங்கு குரோனோசாரஸ்: சுமார் 10 மீட்டர் நீளம், நான்கு துடுப்புக் கால்கள். பலரும் நினைப்பதுபோல் இது டைனோசர் அல்ல, கடல்வாழ் ஊர்வன. 1924-இல் ஹீபர் லாங்மன் இதற்குப் பெயர் சூட்டியபோது கையில் இருந்தது ஒரு தாடைத் துண்டுதான்.

குன்பராசாரஸ் கதையே வேறு. அது தரையில் தழை மேய்ந்த, எலும்புக் கவசம் பூண்ட, அசல் டைனோசர். 1989-இல் அருகிலுள்ள மாரத்தான் பண்ணையில், கடல் வண்டல் பாறைக்குள் அகப்பட்டது. செத்த உடல் ஊதி மிதந்து கடலுக்கு வந்து மூழ்கியிருக்க வேண்டும். கவசம் அதிகம் கலையாததால், சேறு அதைச் சீக்கிரமே மூடிவிட்டது எனலாம். வயிற்றுப் பகுதியில் அது கடைசியாக உண்டதும் எஞ்சியிருந்தது: பொடியாக நறுக்குண்ட தழைத் துண்டுகள், விதைகள். உணவை அரைக்கும் வயிற்றுக் கற்கள் அங்கே இல்லை. ஆகவே நறுக்கிய வேலை பற்களுடையது.