தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?



சபைகளில் உங்களைச் சந்திக்கும்போது, ஆராதனை முடிந்ததும் சிலர் எங்களைத் தனியே அழைத்து மருத்துவச் சந்தேகங்கள் கேட்பதுண்டு. அடிக்கடி வரும் கேள்வி இது: "டாக்டர், டெஸ்டில் நார்மல் என்று வந்துவிட்டது. தைராய்டு மாத்திரையை இனி நிறுத்தலாமா?"

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய சுரப்பியே தைராய்டு. சரீரத்தின் உறுப்புகள் எந்த வேகத்தில் வேலை செய்யவேண்டும் என்பதை இதன் ஹார்மோன் நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் இருதயம் மெதுவாகத் துடிக்கும், இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும், மூளையும் மந்தமாகும். மறதி, சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை வயதானவர்களிடம் தோன்றும்போது, "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு வருத்தம் தருவது இதுதான். எல்லா மறதிக்கும் தைராய்டு காரணமல்ல. ஆனாலும் மறதி என்று வருகிறவருக்கு இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யாமல் விடக்கூடாது.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், இந்நோயால் தளர்ந்துபோன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் நலமடைந்தார். தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்டு 74 வயதுவரை வாழ்ந்தார். 1914 கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் இந்த ஹார்மோனைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அதையே செயற்கையாகத் தயாரித்து மாத்திரையாகத் தருகிறோம்.

ஆகவே கேள்விக்கு வருவோம். மாத்திரை சாப்பிடுவதால்தான் டெஸ்ட் நார்மலாக இருக்கிறது. நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. சரீரத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். "நிறுத்திப் பார்த்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் சில மாதங்கள் கழித்து வீங்கிய முகத்தோடு திரும்பி வருவார்கள். பிரசவத்திற்குப்பின் வரும் தைராய்டுக் குறைவு போன்ற சில வகைகள் தாமாகவே சரியாவதுண்டு. அதை உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். காப்பி அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருக்கட்டும் (இதுதான் பலருக்குக் கஷ்டம்!). இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எடை குறையும் என்று அளவைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். படபடப்பும் ஒழுங்கற்ற இருதயத் துடிப்பும் வரும், எலும்பும் தேயும். இருதய நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகவே கூட்டுவோம்.

மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் கர்ப்பம் என்று தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஆரம்ப மாதங்களில் சிசுவின் மூளை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பெரும்பாலும் அளவைக் கூட்டவேண்டி வரும். பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தை பார்வைக்கு ஆரோக்கியமாகவே தெரியலாம். குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் அது தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்திற்குள் மருந்து தொடங்கினால் அநேகமாக மற்றப் பிள்ளைகளைப்போலவே அறிவு வளரும். உங்கள் பேரக்குழந்தையை வீட்டுக்கு அழைத்துவருமுன், அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.