நாயோடு மலையேறலாம்... ஆனால், எங்கே?

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் போதும், ‘ஏற்காடு போகலாமா, கோத்தகிரி போகலாமா?’ என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் நாயைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். இப்போது அதுவும் காரில் ஏறிக்கொள்கிறது. நாயை அனுமதிக்கும் ஹோம்ஸ்டேக்களும் மலை ஊர்களில் வந்துவிட்டன. தங்க இடம் கிடைத்துவிடுகிறது. நாயோடு நடக்க எங்கே போவது என்பதில்தான் குழப்பம்.

காட்டுப் பாதை ஏன் வேண்டாம்?

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளை அறிமுகப்படுத்தியது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு காட்டுக்குள் போகும் பாதைகள் இவை. வீட்டு நாய்க்கு ஏற்றவை அல்ல. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம் போன்ற புலிகள் காப்பகங்களுக்கும் இதே கதைதான்.

‘என் நாய் யாரையும் கடிக்காதே’ என்று தோன்றலாம். பிரச்னை அது மட்டுமல்ல. சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. யானையைப் பார்த்துக் குரைக்கும் நாய், யானை துரத்தினால் நேராக எஜமானரிடம்தான் ஓடிவரும். பின்னாலேயே யானையும் வரும்!

ஆபத்து காட்டு விலங்குகளுக்கும் உண்டு. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றின் உடலில் கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் வைரஸ் அது. நம் காடுகளில் வாழும் செந்நாய்களையும் அது தாக்கக்கூடியது.

அப்படியானால் எங்கே நடக்கலாம்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது யாருடைய இடம்?’ என்பதுதான். வனத்துறை இடம் என்றால் விட்டுவிடுங்கள். கோயில் மலை, தொல்லியல் துறைக் கோட்டை போன்ற இடங்களிலும் நுழைவாயிலில் கேட்காமல் ஏறாதீர்கள்.

மலை ஊரில் தங்கினால் காபி, தேயிலை எஸ்டேட் பாதைகள் நல்ல தேர்வு. தனியார் இடம் என்பதால் உரிமையாளரின் அனுமதி அவசியம். ‘சமீபத்தில் சிறுத்தை, காட்டெருமை நடமாட்டம் இருந்ததா?’ என்றும் அவரிடமே கேளுங்கள். கூகுள் மேப்பைவிட அங்கே வேலை செய்பவர்களுக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஏரிக்கரை, வயல் வரப்பை ஒட்டிய மண் சாலைகள் போதும். ஆடு மேயும் நேரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை என்றால் ஒரு எச்சரிக்கை: ஜனவரி முதல் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். மணலைத் தோண்டும் நாய் அந்த முட்டைகளுக்கு எமன். அந்த மாதங்களில் இரவு நடையைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன்...

* ரேபிஸ், டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் தேதிப்படி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

* கயிறு கையிலேயே இருக்கட்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்கள் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. முயல் ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் விழாது.

* புறங்கையைத் தரையில் வையுங்கள். 7 விநாடி தாங்க முடியாத சூடு என்றால், நாயின் பாதமும் தாங்காது. காலை 9 மணிக்குள் நடையை முடிப்பது நல்லது.

* நாய் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் கஷ்டம். ஏற்றமான பாதை அவற்றுக்கு வேண்டாம்.

* தண்ணீரும் கிண்ணமும் எடுத்துச் செல்லுங்கள். மூச்சிரைப்பு அடங்காமல் நாய் தள்ளாடினால், நிழலில் படுக்கவைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

* திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கு, வால் அடியில் உண்ணி, அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உயிரையே பறிக்கக்கூடியது.

* கழிவை அள்ள ஒரு பை. அடுத்த முறையும் அந்த இடத்தில் உங்களை வரவேற்க வேண்டுமே!

சிகரம் தொட வேண்டும் என்பது நம் ஆசை. நாய்க்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. புதுப் புல்லின் வாசனையும், கூட நடக்க நீங்களும் இருந்தால் போதும். ஊருக்கு வெளியே இருக்கும் அந்த ஏரிக்கரையே அதற்கு இமயமலைதான்!