உங்களுக்குத் தெரியுமா? தாவீது தப்பியோடிய நாளில் தோள் கொடுத்தவர்கள்

பெற்ற மகன் அப்சலோமே அரியணைக்காகக் கிளர்ந்தெழுந்தான். தாவீது ராஜா எருசலேமை விட்டு வெறுங்காலோடு ஒலிவமலை ஏறினார். அவருடைய ஆலோசகர் அகித்தோப்பேலும் மகன் பக்கம் சாய்ந்துவிட்டார். அப்போதும் அவரைக் கைவிடாதவர்களைப் பற்றி 2 சாமுவேல் நூல் சொல்கிறது.

● முதலில் உடன் நின்ற ஈத்தாய் ஓர் அந்நியர். கோலியாத்தின் ஊரான காத்திலிருந்து வந்தவர். நேற்று வந்தவன் நீ, திரும்பிப் போ என்று தாவீதே சொல்லியும் கேட்கவில்லை. சாவானாலும் வாழ்வானாலும் ராஜாவோடுதான் என்று, தம் ஆட்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கெதரோன் ஆற்றைக் கடந்தார்.

● தாவீதின் நண்பர் ஊசாய் செய்த உதவி, உடன் போகாமல் இருந்தது! தாவீது கேட்டுக்கொண்டபடி அவர் பகைவனின் அவைக்கே திரும்பினார். அன்றிரவே 12,000 பேருடன் துரத்த வேண்டும் என்றார் அகித்தோப்பேல். நாடெங்கும் படை திரட்டிவிட்டுப் போகலாம் என்று ஊசாய் அதைத் தள்ளிப்போடவைத்தார். அந்த இடைவெளியில் தாவீதும் உடனிருந்தவர்களும் யோர்தானைக் கடந்துவிட்டார்கள்.

● உடனே யோர்தானைக் கடக்கும்படி தாவீதுக்கு ஊசாய் அனுப்பிய செய்தியைக் கொண்டு ஓடிய அகிமாசும் யோனத்தானும் (சவுலின் மகன் அல்ல, ஆசாரியர் அபியத்தாரின் மகன்) பகூரீமில் ஒரு கிணற்றுக்குள் ஒளிந்தார்கள். அந்த வீட்டுப் பெண் கிணற்றின் வாயை மூடி, மேலே தானியத்தைப் பரப்பிவைத்தாள். தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். அவள் பெயரை வேதம் குறிப்பிடவில்லை.

● யோர்தானைக் கடந்து மக்னாயீம் வந்து களைத்துக் கிடந்தவர்களுக்குப் படுக்கை, பாத்திரம், கோதுமை, வாற்கோதுமை, வறுத்த பயறு, தேன், வெண்ணெய், ஆடுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர்கள் மூவர்: சோபி, மாகீர், பர்சிலா. பர்சிலாவுக்கு அப்போது வயது 80.

● அப்சலோமின் படையை வென்ற பின் அரண்மனையில் வந்து வாழும்படி தாவீது அழைத்தபோது பர்சிலா மறுத்துவிட்டார். தம் ஊரிலே, பெற்றோரின் கல்லறை அருகே சாகவே விரும்பினார். கைம்மாறு எதிர்பார்த்து அவர் உதவவில்லை.

● தாவீதும் மறக்கவில்லை. மரணப்படுக்கையில், பர்சிலாவின் பிள்ளைகள் அரச பந்தியில் உண்ணவேண்டும் என்று சாலொமோனுக்குக் கட்டளையிட்டார்.

ஒருவர் வாளோடு வந்தார். ஒருவர் அறிவைத் தந்தார். ஒருத்தி தன் வீட்டுக் கிணற்றைத் தந்தாள். முதியவர் உணவு தந்தார். எல்லாமே ஆபத்தான உதவிகள்தான். பிடிபட்டால் அப்சலோம் சும்மா விட்டிருக்க மாட்டான். உங்கள் நண்பர் யாராவது இன்று நெருக்கடியில் இருக்கிறாரா? பெரிதாக ஏதாவது செய்யவேண்டுமே என்று காத்திருக்காதீர்கள். கையில் இருப்பதோடு இன்றே போய் அவர் பக்கம் நில்லுங்கள்.