பற்றைக்குள் ஒரு மஞ்சள் சிட்டு

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். போர் முடிந்த 2009க்குப் பிறகு ஊர் பார்க்க வந்தால், எங்கள் வளவு பற்றைக் காடாகக் கிடந்தது. கூரையற்ற அறைக்குள் வேம்பு வளர்ந்து நின்றது.

வீடு கட்டக் காசு சேர்ந்து, பற்றையை வெட்டப் போன அன்று காலை, வேம்பிலிருந்து நீண்ட சீழ்க்கை ஒன்று கேட்டது. கிளைகளுக்கிடையில் மஞ்சள் நிறம் தெரிந்தது.

"மாங்குயில் மகன்" என்றார் உம்மா. "இல்லை, வெள்ளைக்கண்ணி" என்றேன் நான். இருவருமே சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டோம்.

பொறுமையாகப் பார்த்த என் மகள்தான் அடையாளங்களைச் சொன்னாள். மாங்குயில் மைனா அளவு பெரியது. இதுவோ ஊர்க்குருவி அளவுதான். வெள்ளைக்கண்ணியின் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும், இதற்கு இல்லை. தேன்சிட்டின் வளைந்த அலகும் இல்லை. கறுத்த இறகில் இரண்டு வெள்ளைக் கோடுகள். தலையும் முதுகும் கறுப்பு, வயிறு மஞ்சள். அது ஆண் மாம்பழச்சிட்டு. பெண் பறவையின் மேற்புறம் பச்சை நிறமாக இருப்பதால் இலைக்குள் எளிதில் தெரியாது.

இந்த இனத்திலேயே இன்னொரு வகை உண்டு. 1876இல் மார்ஷல் என்பவர் அதற்கு அறிவியல் பெயரிட்டார். இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் இலங்கையிலும் அது வாழ்கிறது. இரண்டையும் பிரித்தறிய வாலைப் பார்க்க வேண்டும். மார்ஷல் வகையின் வாலில் வெள்ளை நிறம் நன்றாகத் தெரியும். எங்கள் சிட்டின் வால் முழுக்கக் கறுப்பு. ஆகவே இது சாதாரண மாம்பழச்சிட்டுதான்.

கிளைக் கவட்டில், சிலந்தி வலையால் இறுகப் பிணைத்த சிறு கிண்ணம் போன்ற கூடும் இருந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. முட்டை பொரிக்கச் சுமார் 14 நாட்களாகும்.

மேசனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. என்ன செய்வதென்று உம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"எங்களுக்குத்தான் அன்றைக்கு நேரம் தரல்ல. அதுக்காவது கொஞ்சம் நேரம் குடுங்க மகன்" என்றார்.

குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு தாய்ப் பறவையிடம் அவற்றைத் திரும்பச் சேர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கட்டளையிட்ட ஹதீஸை நான் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். அதன் பொருளை அன்று என் வளவிலேயே உணர்ந்தேன். மேசனுக்குச் சொல்லி அனுப்பினோம். குஞ்சுகள் பறந்த பின்புதான் கத்தியை எடுத்தோம்.

சகோதரிகளே! வளவைத் துப்புரவு செய்யுமுன் பிள்ளைகளோடு ஒருமுறை மரங்களை அண்ணாந்து பாருங்கள். அலகு, இறகுக் கோடு, வால் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பெயர் சொல்லப் பழக்குங்கள்.