ஆறரை மணிக்குப் பூட்டும் கேட்

மகளை விடுதியில் சேர்க்கும் பெற்றோர் முதலில் கேட்பது, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்றுதான். சீக்கிரம் பூட்டினால் நல்ல விடுதி. இந்தக் கணக்கில் படிப்பு விடுபட்டுப்போகிறது. ஒரு பொறியியல் கல்லூரியின் மாலையைப் பாருங்கள். புராஜெக்ட் குழுவில் நான்கு பேர், இருவர் மாணவிகள். லேபில் சர்க்யூட் ஒருவழியாக வேலை செய்யத் தொடங்கும்போது மணி 6.15. மாணவிகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 6.30-க்குள் நோட்டில் கையெழுத்து விழாவிட்டால் வார்டனிடமிருந்து அப்பாவுக்கு போன் போகும். மீதி வேலையை மாணவர்கள் முடிப்பார்கள். மறுநாள் ரிவ்யூவில் விளக்கம் சொல்லத் தெரிந்தவர்களும் அவர்களே. அவர்கள் விடுதிக்கு 9 மணி கெடு என்றால், வித்தியாசம் நாளுக்கு இரண்டரை மணி நேரம், வாரத்தின் 6 நாளுக்கு 15 மணி நேரம். நூலகம் இரவு 8 வரை திறந்திருந்து மாணவிகளுக்கு என்ன பயன்?

எல்லாம் பாதுகாப்புக்காக என்பார்கள். லேபும் நூலகமும் விடுதியும் ஒரே மதில் சுவருக்குள்தான் இருக்கின்றன. அந்தப் பாதையே ஆபத்தானது என்றால், விளக்குப் போட்டுக் காவலாளியை நிறுத்துவது கல்லூரியின் வேலை. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதி கூடாது என்று உயர்கல்வி நிறுவனங்களுக்கான ஒழுங்குவிதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. மாலை 6 முதல் 10 வரை போனை ஒப்படைக்க மறுத்ததால் விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்ட கேரள மாணவி ஒருவர் 2019-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். இணையம் கல்வி உரிமையின் பகுதி என்றது தீர்ப்பு. இருந்தும் பல விடுதிகளில் பழைய நேரப் பலகை அப்படியே தொங்குகிறது.

கட்டில் காலியாக இருந்தால் வார்டன்தான் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் நியாயமே. அதைவிடக் கனமான வாதம் பெற்றோருடையது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணை, அந்தப் பூட்டை நம்பித்தான் அனுப்புகிறார்கள். கெடுவைத் தளர்த்தினால் படிப்பே நின்றுவிடலாம் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் அப்படி வருகிற பெண்ணுக்குத்தான் வீட்டில் கணினி இருக்காது, பாடம் சொல்லித்தர ஆளிருக்காது. மாலை நேர நூலகம் மற்ற எவரையும்விட அவளுக்கே அதிகம் தேவை. நேரம் கடந்து வருபவர் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே வரலாம் என்ற ஏற்பாடு போதும். கேரளத்தில் மருத்துவ மாணவிகள் போராடிய பிறகு, 2022 டிசம்பரில் வந்த அரசாணை இருபாலருக்கும் ஒரே நேரத்தை, இரவு 9.30-ஐ வைத்தது, இரண்டாம் ஆண்டு முதல் பதிவேட்டில் எழுதிவிட்டு அதற்குப் பிறகும் வரலாம் என்றது.